மேலே ஏற்றிய சொல்

நான் வேலையை விட்டு நின்ற பிறகு ஆபீஸ் பிள்ளைகள் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார்கள். கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட அனுபவக் கட்டுரை ஒன்று வேண்டுமாம். "அந்தத் தலைவர் தேர்தல் வேலை செஞ்சீங்களே சாந்தாக்கா, அதையே எழுதிக் குடுங்க. அதான் நம்ம சாதனை" என்றார்கள். சாதனை என்றதும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் அதை முதுகுவலி என்று நினைத்துக்கொண்டு தலையணை எடுத்துக் கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள்.

எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எழுதியும்விட்டேன். ஆனால் இதை அவர்களுக்குக் கொடுக்கப் போவதில்லை. காகிதத்தில் மட்டும் அச்சாகும் ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஏன் என்பது படித்தால் புரியும்.

என் தொழில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு, திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பிரவுசிங் சென்டர். ஹால் டிக்கெட், பட்டா, ஜாதிச் சான்றிதழ். எல்லார் கையிலும் போன் வந்ததும் அந்தக் கடைக்கு ஈ ஓட்ட ஆள் போதும் என்றாகிவிட்டது. அப்போதுதான் தனபால் என்னைத் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். லாட்ஜ்காரர்களுக்கு இணையப் பக்கம் செய்து, யாராவது திருவண்ணாமலையில் ரூம் தேடினால் அந்த லாட்ஜ் முதலில் வந்து நிற்கும்படி செய்வது அவர் தொழில். "மேல ஏத்தறது" என்று ஆபீசில் சொல்லுவோம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

மேலே ஏற்றுவது என்றால் மந்திரமில்லை. ஜனங்கள் எப்படித் தேடுகிறார்களோ அதே சொல் நம் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். திருவண்ணாமலை என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகத் தப்பாக எழுதலாம் என்று யாராவது பட்டம் கொடுத்தால் முதல் பட்டம் எனக்குத்தான். ஒருவர் ஹெச் போடுவார், ஒருவர் போடமாட்டார், ஒருவர் வெறும் டி மட்டும் போட்டு மலை என்று முடித்துவிடுவார். கிரிவலத்தைக் கீ என்று ஆரம்பிப்பவர்களும் உண்டு. அத்தனை தப்பையும் பக்கத்தில் ஒளித்து வைப்போம். படத்துக்குப் பின்னால் அந்தப் படம் எதைப் பற்றியது என்று எழுத ஒரு இடம் உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். தேடலில் பக்கத்தின் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரியையும் நாம் எழுதி வைக்கலாம். ஒரு பௌர்ணமிக்கு முன்னால் எங்கள் லாட்ஜ் முதலில் வந்துவிட்டால் அந்த மாதம் முழுக்க ஆபீசில் சிரிப்புதான்.

தனபாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பார்த்த முதலாளிகளில் குரலை உயர்த்தாத ஒரே ஆள். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, நம் நாற்காலியைவிடத் தாழ உட்கார்ந்துகொள்வார். வேர்க்கடலை விலை, மல்லி விலை என்று பேசுவார். சட்டை நுனியால் நம் கம்ப்யூட்டர் திரையைத் துடைப்பார். எழுந்திருக்கும்போதுதான் வேலையைச் சொல்லுவார், அதையும் கேள்வியாகத்தான் சொல்லுவார். "இப்டிப் போட்டா எப்டிக்கா இருக்கும்?" நல்லா இருக்கும் என்று நாம் சொல்லிவிடுவோம். அந்த நிமிடத்திலிருந்து அது நம் யோசனை. பின்னால் ஏதாவது கோணினால் "அக்கா யோசிச்சுத்தான் செஞ்சாங்க" என்பார், அதுவும் அன்பாகத்தான். அந்த ஆபீசில் நான் இருந்த காலம் முழுக்க அவர் எனக்கு ஒரு கட்டளைகூடப் போட்டதில்லை. அதுதான் இன்றைக்கு என்னைக் கொல்கிறது.

ஊராட்சித் தேர்தல் சமயத்தில் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊரிலிருந்து சேகர் என்பவர் வந்தார். அவருடைய அக்கா தலைவர் பதவிக்கு நிற்கிறார். அக்காவின் நிஜப்பெயரைச் சொல்லமாட்டேன். எங்கள் பக்கம் அம்மன் பெயர் வைத்த பெண்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு, ஆகையால் உண்ணாமலை என்றே வைத்துக்கொள்வோம். ஊர்த் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. இவருக்குப் பூட்டு சாவி கிடைத்திருந்தது. சங்கடம் என்னவென்றால், எதிராளிகள் இன்னொரு உண்ணாமலையைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாவுக்குத் தேர்தல் என்றால் என்னவென்றே தெரியாது, சின்னம் ஆட்டோ. இவர் கோ. உண்ணாமலை, அவர் கே. உண்ணாமலை. வாக்குச் சீட்டில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஆளைத் தெரியும். ஆனால் பாதி ஓட்டு சென்னையிலும் பெங்களூரிலும் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போயிருந்தது. அவர்கள் ஓட்டு நாளன்று வேனில் வந்து இறங்குகிறவர்கள். வேனில் உட்கார்ந்து போனில் தேடிப் பார்த்து, நம்ம உண்ணாமலை எந்தச் சின்னம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சேகருக்கு அதுதான் கவலை. அக்கா பெயரைத் தேடினால் கோயில் வருகிறது, அம்மன் அலங்காரம் வருகிறது, பௌர்ணமி நேரம் வருகிறது. அக்கா வருவதில்லை. "சாமியைத் தாண்டி எங்கக்காவ மேல கொண்டாரணும் சார்" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

உண்ணாமலையை நான் அவர் வீட்டில் பார்த்தேன். படம் எடுக்கப் போயிருந்தேன். மகளிர் குழுவில் தலைவியாக இருந்தவர், வங்கி மேனேஜரிடம் நின்று வாதாடிப் பழகியவர். படத்துக்கு நிற்கச் சொன்னால் மட்டும் கூச்சம். புடவைத் தலைப்பைப் பத்து முறை சரி செய்தார். வேலூரில் நர்சிங் படிக்கும் ஒரே மகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பெயர் கயல். சின்ன வயதிலிருந்தே ஹாஸ்டலில் வளர்ந்தவள்.

"நெட்ல வந்தா எம் பொண்ணு பார்ப்பாம்மா. கூடப் படிக்கறதுங்களுக்கெல்லாம் காட்டறேன்னு சொல்லிக்கினு கீது. நல்லா போடுங்க. எம் பேர எப்டிப் போடுவீங்க?"

"உங்க பேர்லதாம்மா" என்றேன்.

அன்று சாயங்காலம் வழக்கப்படி ஊரில் விசாரித்தேன். எங்கள் ஆபீசுக்கு ஒரு பழக்கம் உண்டு. சின்ன இடங்களுக்கு, யார் என்ன தேடுகிறார்கள் என்ற கணக்கு எந்தக் கருவியிலும் கிடைக்காது. ஆகையால் நேரே போய், டீக்கடையில் நாலு பேரிடம் போனைக் கொடுத்து, இன்னாரைத் தேடிக் காட்டுங்கள் என்று சொல்லிப் பக்கத்தில் நின்று பார்ப்போம். பையன்கள் பெயரையும் ஊரையும் அடித்தார்கள். ஒருவர் பூட்டு சாவி என்று அடித்தார். ஒரு பெரியவர் மட்டும், டைப் அடிக்கத் தெரியாததால், போனை வாயருகே பிடித்து உரக்க ஒரு சொல்லைச் சொல்லி அதன் பிறகு உண்ணாமலை என்றார்.

ஒரே பெயரில் பலர் இருக்கும் ஊரில் பெயருக்கு முன்னால் ஒரு அடையாளம் ஒட்டிக்கொள்வது வழக்கம். பால்கார அருணாசலம், கோணக்கால் அருணாசலம். உண்ணாமலைக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் புருஷன் அடித்த அடி தாங்காமல், கைக்குழந்தையோடு பால் வண்டியில் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்து, ஒரு ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைத்துப் பிழைத்திருக்கிறார். யாரோடும் போகவில்லை. ஆனால் ஊர் அப்படிச் சொல்லவில்லை. புருஷனை விட்டு ஓடிய பெண்ணை எங்கள் பக்கம் ஒரு சொல்லால் சொல்லுவார்கள். ஓடியதோடு சேர்த்து ஒழுக்கத்தையும் இழுக்கும் சொல் அது. வருடங்கள் கழித்துத் தன் அப்பா அம்மாவின் ஊருக்குத் திரும்பியபோது அந்தச் சொல் அவர் பெயரின் முன்னால் உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சொல்லை நான் இங்கே எழுதமாட்டேன். இது எப்போதாவது யார் மூலமாவது இணையத்தில் ஏறினால், தேடுபொறி இதையும் ஒரு பக்கமாக எண்ணிக்கொள்ளும்.

பெரியவர் அதைச் சொன்னதும் டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மா அவரை அதட்டினார். "அதெல்லாம் இப்ப யாரு சொல்றாங்க? அவங்க வந்துதான் தண்ணி டேங்க்கே வந்துச்சு. வாயக் கழுவு" என்றார். பெரியவரே தலையைச் சொறிந்தார். அதைத் தெளிவாகக் கேட்டவள் நான். பையன்கள் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை என்பதையும் பார்த்தேன்.

ஆபீசில் வந்து பார்த்ததை எல்லாம் சொன்னேன், இதையும் ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். தனபால் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பெயரும் ஊரும் சேர்த்துத் தேடினால் உண்ணாமலைக்காக நாங்கள் போட்டிருந்த இணையப் பக்கம் இன்னும் கீழேதான் இருந்தது, மேலே வர நாளாகும். சேகரோ தினமும் போன் செய்கிறார், அக்கா எத்தனையாவதாக வருகிறார் என்று. தனபால் அந்தச் சொல்லையும் பெயரையும் சேர்த்து அடித்துப் பார்த்தார். ஒன்றுமே வரவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது. ஆளே இல்லாத பந்தயத்தில் யார் ஓடினாலும் முதல் பரிசுதான். சட்டை நுனியால் என் திரையைத் துடைத்தார்.

"படத்துக்குப் பின்னாலதான் போடப் போறோம், யார் கண்ணுக்கும் தெரியாது. தேடல்ல கீழ வர்ற ரெண்டு வரியில, அப்டி ஏளனமாப் பேசினாங்க, அதத் தாண்டி வந்தாங்கன்னு நல்லதாவே எழுதிடலாம். இப்டிப் போட்டா எப்டிக்கா இருக்கும்?"

"நல்லா இருக்கும்" என்றேன்.

இதை எழுதும்போதும் காது சுடுகிறது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என் சம்பளம் போயிருக்காது, தனபால் கோபித்திருக்கவும் மாட்டார். வேறு கேள்வி கேட்டிருப்பார், அவ்வளவுதான். எனக்கும் முதலிடம் என்றால் ஒரு நப்பாசை. லாட்ஜ் வேலையில் ஊறிப்போன புத்தி. சேகரைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் கொஞ்சம் தயங்கினார், அக்காவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாங்க என்றார். அக்காவைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று நானாவது சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லைத் தேடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

இரண்டே நாளில் எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு முதலில் வந்து நின்றது. தினமும் காலையில் ஆபீசைத் திறந்ததும் முதல் வேலை அதுதான். ஆபீசில் இருக்கும் அத்தனை போனிலும் அந்தச் சொல்லையும் பெயரையும் அடித்து, முதலில் வருகிறதா என்று பார்த்து, திரையைப் படம் பிடித்துச் சேகருக்கு அனுப்புவோம். சேகரும் தன் போனில் அடித்துப் பார்ப்பார், தன் கூட்டாளிகளை அடித்துப் பார்க்கச் சொல்லுவார். அவர் கட்டைவிரலைத் தூக்கிப் பதில் அனுப்புவார். நாங்கள் டீ குடிப்போம்.

உண்ணாமலை ஜெயித்தார். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் வெற்றி வெற்றிதான். சேகர் ஆபீசுக்கு வந்து தனபாலுக்குச் சால்வை போட்டார். தனபால் அதைக் கழற்றி என் தோளில் போட்டு, "எல்லாம் அக்கா வேலைதான்" என்றார். கூச்சமில்லாமல் போட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் படம் ஆபீஸ் சுவரில் இருந்தது.

பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. உண்ணாமலை டவுன் பஸ் ஏறித் தனியாக ஆபீசுக்கு வந்தார். சண்டை போட வந்தவர் மாதிரி இல்லை. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். என் பெயரைத் தேடிக் காட்டுங்கள் என்றார். ஆங்கிலத்தில் அவர் பெயரையும் ஊரையும் அடிக்க ஆரம்பித்தேன். முழுதாக அடிப்பதற்குள், மீதியை ஊகித்துத் தருகிற அந்தச் சின்னப் பட்டியல் கீழே இறங்கியது. முதல் வரியிலேயே அந்தச் சொல். பெயரை மட்டும் அடிப்பவருக்கும் அதைத் தேடுபொறியே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"கயலு கூடப் படிக்கற பொண்ணுங்களுக்குக் காட்டியிருக்குது. இது வந்துடுச்சு. அதுக்கு இந்த வார்த்தையே தெரியாதும்மா. தெரியக்கூடாதுன்னுதான் நாலாவது படிக்கும்போதே ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டேன். போன் பண்ணி, அம்மா, இதுக்கு இன்னா அர்த்தம்னு கேக்குது."

அவர் அழவில்லை.

"என்ன அப்டிக் கூப்பிட்டவங்க பாதிப் பேரு போய்ச் சேர்ந்துட்டாங்க. மீதிப் பேருக்கு மறந்தே போச்சு. எதிர்ல நின்னு பதில் சொல்லாம, பல்லக் கடிச்சிக்கினு, வேல செஞ்சி செஞ்சி மறக்க வச்சேன். ஊரு வுட்டுடுச்சு. நீங்க எங்க கண்டுபுடிச்சீங்க?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இந்தப் பெண் ஊர் வாயையே மூடிக் காட்டியிருந்தார். திறந்து வைத்தவள் நான்.

தனபால் உள்ளே இருந்து வந்து, முக்காலியில் தாழ உட்கார்ந்து, ரொம்ப மரியாதையாகப் பேசினார். அப்போது உண்ணாமலை கேட்டார், அந்தப் பேர் போடாவிட்டால் நான் ஜெயித்திருக்க மாட்டேன் என்று தம்பி சொல்கிறானே, நிஜமா என்று. தனபால் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்டித்தானேக்கா?"

ஆமாம்மா என்றேன். அவர், நான் ஜெயிக்கத்தானே செய்தீர்கள், போகட்டும், எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்றே எடுத்தேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். எங்கள் பக்கத்திலிருந்து போனதே தவிர, அதற்குள் ஒரு உள்ளூர்ச் செய்திப் பக்கம் எங்கள் இரண்டு வரியை அப்படியே நகல் எடுத்துப் போட்டிருந்தது. எதிராளி ஒருவன் அதையே தலைப்பாக வைத்து வீடியோ போட்டிருந்தான். எழுதிக் கேட்டுக் கேட்டுச் சிலதை எடுக்க வைத்தேன். தண்ணீர் டேங்க், தெருவிளக்கு, கால்வாய் என்று அவர் செய்த வேலைகளைப் பற்றிப் புதுப் பக்கங்கள் எழுதி, அதைக் கீழே தள்ளப் பார்த்தேன். மேலே ஏற்றத் தெரிந்த கைக்குக் கீழே இறக்கத் தெரியவில்லை. இப்போது தேடுபொறி பட்டியல் காட்டுவதோடு நிற்பதில்லை, கேள்வி கேட்டால் தானே வாக்கியம் அமைத்துப் பதில் சொல்கிறது. இவர் யார் என்று கேட்டுப் பார்த்தேன். ஊராட்சித் தலைவர் என்று ஆரம்பித்து, இந்தப் பெயராலும் அறியப்படுகிறவர் என்று, படித்த பிள்ளை மாதிரி மரியாதையாகச் சொல்கிறது.

அந்த வேலையில்தான் ஒரு நாள் எங்கள் பக்கத்துக்குத் தேர்தல் சமயத்தில் யார் யார் எந்தச் சொல் அடித்து வந்தார்கள் என்ற வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். முன்பே பார்த்திருக்க வேண்டும். முதலிடம் வந்த பிறகு எவள் அதையெல்லாம் பார்க்கிறாள்? கடைசி நாட்களில் வெளியூர்க்காரர்கள் அடித்தது பெயரும் பூட்டு சாவியும்தான். அதற்கே எங்கள் பக்கம் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அந்தச் சொல்லை அடித்தவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கோடு வேலை நாட்களில் ஏறுகிறது, ஆபீஸ் லீவு விட்ட ஞாயிறுகளில் தரையில் கிடக்கிறது. தேடியது ஊர் இல்லை. நாங்கள்தான். காலையில் நாங்கள் எல்லாப் போனிலும் அடித்து அடித்துப் பார்த்ததும், சேகரின் கூட்டாளிகள் அடித்ததும் சேர்ந்துதான், அந்தப் பெயரோடு இந்தச் சொல் சேரும் என்று தேடுபொறிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

தனபாலிடம் காட்டினேன். "இத இப்ப சொல்லி என்னக்கா ஆகப்போவுது?" என்றார். அதுவும் கேள்விதான். நானும் சொல்லவில்லை. நான் ஓய்வு பெறும் வரை, புது வாடிக்கையாளர் யார் வந்தாலும் சால்வைப் படத்தைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுவார். நான் பாத்ரூம் பக்கம் போய்விடுவேன்.

போன வாரம் உண்ணாமலை என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். மறுபடியும் தேர்தல் வரும் என்று பேச்சு இருக்கிறதாம், மறுபடியும் நிற்கப் போகிறாராம். கயல் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். முன்பு அவள் பல மாதம் சரியாகப் பேசாமல் இருந்ததையும், பிறகு ஒரு நாள் அவளை உட்கார்த்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னதையும் சொன்னார். அந்தப் பேரால்தான் அம்மா ஜெயித்தேன், இல்லாவிட்டால் தோற்றிருப்பேன் என்று சொன்னாராம். அதைக் கேட்ட பிறகுதான் மகள் ஆறினாளாம். பேசிக்கொண்டே வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க வேலைய வுட்டுட்டீங்கன்னு சொன்னாங்க. எனக்காக இன்னொரு வாட்டி செஞ்சி குடுங்கம்மா. அந்தப் பேர மறுபடியும் மேல வர மாதிரி பண்ணிடுங்க. கயலே சொல்லிடுச்சு, போடச் சொல்லும்மான்னு. எனக்கும் இப்ப வெக்கம் போயிடுச்சு."

வெட்கம் போகவில்லை. சொல்லும்போது புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அது வேண்டாம் என்றேன். ஜெயிக்க வேண்டாமா என்றார். அது இல்லாமலேயே போன தடவையும் ஜெயித்திருப்பீர்கள், ஓட்டுப் போட வந்தவர்கள் யாரும் அந்தச் சொல்லைத் தேடவே இல்லை, உங்கள் பெயரையும் சின்னத்தையும்தான் தேடினார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் விரலில் சுற்றியிருந்த தலைப்பை மெதுவாக அவிழ்த்தார்.

"அப்ப எதுக்கும்மா போட்டீங்க?"

பதில் எனக்குத் தெரியும். முதலில் வந்துவிட்டோம் என்று காட்ட, தினமும் காலையில் அவர் தம்பிக்கு ஒரு படம் அனுப்ப வேண்டியிருந்தது. அவர் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.